மாடு முட்டியதற்கு ஓர் எண்: நடிக்க வந்த ஒருவரின் 29 மாதங்கள்

நான் இரண்டு படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்துவிட்டு, இப்போது சின்னப் படங்களுக்கும் வெப் சீரிஸ்களுக்கும் நடிகர் தேர்வில் உதவுகிறேன். சனி, ஞாயிறில் வளசரவாக்கத்தில் ஒரு டான்ஸ் கிளாஸ் ஹாலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, நானும் இரண்டு நண்பர்களும் நடிப்புப் பயிற்சி நடத்துகிறோம். அங்கே வந்த ஒரு பெண்ணின் 2022 ஜூலை முதல் 2024 நவம்பர் வரையிலான கதை இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், கம்பெனி, படம் எதுவும் வராது. நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது, அதையும் எழுதச் சொன்னது அவர்தான்.

பின்னணி

வயது 26. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். பி.எஸ்சி. முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங் (ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து நோய்க்கு எண் போடும் வேலை) படித்து, 2021 கடைசியில் சென்னை வந்து பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். வீட்டுக்கு மாதம் 8,000 அனுப்ப வேண்டும். நடிக்க ஆசை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கு மட்டும் அரைகுறையாகத் தெரியும்.

எங்களிடம் வருவதற்கு முன்பே அவர் ஐந்து மாதம் முயற்சி செய்திருந்தார். 2022 பிப்ரவரியில் வடபழனியில் ஒரு மாடி ஆபீஸில் 'கோஆர்டினேட்டர்' ஒருவரிடம் 22,000 ரூபாய் கட்டி போர்ட்ஃபோலியோ, அதாவது வாய்ப்புக் கேட்கும்போது காட்டும் போட்டோ ஆல்பம், எடுத்திருந்தார். ஆர்ட்டிஸ்ட் கார்டு வாங்கித் தருகிறேன், மூன்று மாதத்தில் சீரியலில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். கார்டும் வரவில்லை, சீரியலும் வரவில்லை, மே மாதம் போய்ப் பார்த்தால் அந்த மாடியில் டைல்ஸ் கடை குடோன். இரண்டு நாள் கூட்டத்தில் நிற்கும் வேலை மட்டும் ஓர் ஏஜென்ட் வழியாகக் கிடைத்தது. காலை 5 மணிக்கு வேன், ராத்திரி 9 மணிக்குத் திரும்பல், கையில் 600. ஒரு கல்யாண சீனில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒரே இலையில் நான்கு தடவை சாப்பிடுவது மாதிரி பாவனை செய்தாராம். சோறு ஆறிப்போய், ஈ மொய்த்ததாம்.

முதலில் கண்டது

முதல் வாரம் அவருடைய ஆல்பத்தை வாங்கிப் பார்த்தேன். நாற்பது போட்டோ. சிவப்பு கவுன், லெதர் ஜாக்கெட், பாவாடை தாவணி, கூலிங் கிளாஸ். எதிரில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முகம் அந்த நாற்பதில் ஒன்றிலும் இல்லை, முகத்தை அவ்வளவு வழித்து வெளுத்து வைத்திருந்தார்கள். வீடியோ கேட்டேன். வேறு யாரோ பேசிய வசனத்துக்கு வாயசைத்த ரீல்ஸ் பதினெட்டு காட்டினார். வாயசைப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் அவர் குரல் எப்படி இருக்கும் என்று பதினெட்டையும் பார்த்த பிறகும் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கேரக்டருக்கு அறிவிப்பு போட்டால் அன்று சாயந்தரத்துக்குள் போன் நிரம்பிவிடும். ஒருவருக்கு நான் தருவது சில விநாடிகள்தான், வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். அந்த விநாடிகளில் நான் தேடுவது, இவரை அந்த வீட்டு அக்கா என்று நம்ப முடியுமா, குரல் எப்படி, பேசும்போது கண் எங்கே போகிறது, இவ்வளவுதான். கவுனும் கூலிங் கிளாஸும் இதில் எதற்கும் பதில் சொல்வதில்லை. இன்னொருவர் குரலுக்கு வாயசைத்த வீடியோ என்றால் நான் திறந்தவுடனே மூடிவிடுவேன்.

நோட்டு

முதல் முடிவு ரொம்பச் சாதாரணமானது. ஒரு 200 பக்க லாங் சைஸ் நோட்டு வாங்கச் சொன்னோம். தேதி, யார் மூலம் தெரிந்தது, என்ன கேட்டார்கள், என்ன அனுப்பினேன், பதில், செலவு என்று ஆறு கட்டம். பழைய வாட்ஸ்அப்பை எல்லாம் தோண்டி, கடந்த ஐந்து மாதத்தையும் எழுத வைத்தோம். கோடிங் வேலை பார்ப்பவர் என்பதால் இது அவருக்குக் கஷ்டமாக இல்லை, இரண்டே நாளில் சுத்தமாக எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

ஐந்து மாதத்தில் அனுப்பியது 61. பதில் வந்தது 7. அதில் நான்கு பேர் பணம் கேட்டவர்கள், ரெஜிஸ்ட்ரேஷன், ஒர்க்‌ஷாப், காஸ்ட்யூம் டெபாசிட் என்று பெயர் மட்டும் மாறும். இரண்டு, மேலே சொன்ன கூட்ட வேலை. ஒன்று, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு ஹோட்டல் ரூமில் வந்து கதை கேட்கச் சொன்னது, கூடவே 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும்' என்ற வரி. அவர் போகவில்லை. ஆனால், ஒருவேளை அதுதான் உண்மையான வாய்ப்போ என்று இரண்டு வாரம் தூங்காமல் யோசித்ததாகச் சொன்னார். எனக்கு அந்த ஹோட்டல் அழைப்பைவிட இந்த இரண்டு வாரம்தான் அதிகமாக உறுத்தியது. பதிலே வராத 54-க்கு நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு, வந்த எந்தப் பதிலும் வாய்ப்பு மாதிரிதான் தெரியும்.

அன்றைக்கு நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினார். யாருக்கும் பணம் கட்டுவதில்லை. பகலில், ஆபீஸில், கூட ஒருவரோடு மட்டும்தான் சந்திப்பு. போகும் முன் புரொடக்‌ஷன் மேனேஜர் பெயரும் நம்பரும் கேட்டு வாங்கி, தெரிந்த உதவி இயக்குநர் ஒருவரிடம் விசாரிப்பது. மூன்றாவதைக் கேட்டவுடனே பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள்.

அனுப்பும் விதத்தை மாற்றியது (2022 அக்டோபர் – 2023 மார்ச்)

ஹால் வராந்தாவில் காலை வெயிலில் என் போனிலேயே மூன்று படம் எடுத்தேன். காட்டன் சுடிதார், மேக்கப் இல்லை, எண்ணெய் வைத்து வாரிய தலை. முகம் ஒன்று, இடுப்பு வரை ஒன்று, முழு உருவம் ஒன்று. பிறகு நாற்பது விநாடி அறிமுக வீடியோ: பெயர், வயது, உயரம், ஊர், மொழி, இடது பக்கம், வலது பக்கம். என்னென்ன தெரியும் என்ற இடத்தில் முன்பு 'குதிரையேற்றம் கற்றுக்கொள்ளத் தயார்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் என்ன தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார், நாற்று நடத் தெரியும், டிவிஎஸ் எக்ஸெல்லில் மூட்டை வைத்து ஓட்டத் தெரியும், கிணற்றில் குதித்து நீந்தத் தெரியும், பால் கறக்கத் தெரியும். இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்றேன். "அதெல்லாம் எல்லாருக்கும் தெரியுந்தானேக்கா" என்றார். சென்னையில் ஆடிஷனுக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குப் பால் கறக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆடிஷன் வீடியோ எடுக்கிற இடம் ஹாஸ்டல் ரூம். பீரோ கைப்பிடியில் ரப்பர் பேண்டு போட்டு போனைக் கண் உயரத்தில் படுக்கைவாட்டில் கட்டினார். ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு எதிரில், பின்னால் வெறும் சுவர். எதிர் வசனத்தை ரூம்மேட் படித்தார். முதல் மூன்று வீடியோவில் ரூம்மேட்தான் கதாநாயகி, போனுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்ததில் இவர் குரல் அடியில் போய்விட்டது. எதிராளி மெதுவாக, உணர்ச்சி போடாமல் படிக்க வேண்டும் என்று சொன்ன பிறகு சரியானது.

ஆறு மாதத்தில் அனுப்பியது 38, பதில் 11, நேரில் வரச் சொன்னது 6, தேர்வானது 1. அந்த ஒன்று ஒரு மாணவர் குறும்படம், சம்பளம் இல்லை, மதியம் தயிர் சாதம்.

ஆறு ஆடிஷனில் இரண்டுக்கு நானும் கூடப் போனேன். ஒன்று சாலிகிராமத்தில் ஒரு ஃபிளாட், மாடிப்படி முழுக்க ஆட்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது இரண்டு நிமிடம். அவர் முதல் தடவை நன்றாகத்தான் செய்தார். "வேற மாதிரி ஒண்ணு பண்ணிக் காட்டுங்க" என்றார்கள். அதையே கொஞ்சம் சத்தமாகச் செய்தார். "இல்ல, வேற மாதிரி." இன்னும் சத்தமாகச் செய்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு மாதிரி, அதை ஹாஸ்டலில் முப்பது தடவை ஒத்திகை பார்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவிழ்க்கத் தெரியவில்லை.

நாடகம் பக்கம் திரும்பியது (2023 ஜனவரி முதல்)

மாதம் ஓர் ஆடிஷன், அதில் இரண்டு நிமிடம் என்றால் கற்றுக்கொள்ள நேரம் எங்கே இருக்கிறது? ஆகவே ஒரு சின்ன நாடகக் குழுவில் சேர்த்துவிட்டேன். சென்னையில் இதற்கு ஒரு மரபே உண்டு. ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம், விமல் என்று வரிசையாக நடிகர்கள் வந்திருக்கிறார்கள். 1984-ல் பிரளயனின் சென்னைக் கலைக்குழு, அதற்கு முன்பே மதுரையில் மு.ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் என்று இந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் நடிக்க வரும் பிள்ளைகளுக்கு இதில் தெரிந்த ஒரே கதை, விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்காளராக இருந்து பார்த்துப் பார்த்தே நடிகரானார் என்பது. உண்மைதான். 2010-ல் நாயகனாக வருவதற்கு முன் அவர் எத்தனை வருடம் சின்ன வேஷங்களிலும் டிவி தொடரிலும் குறும்படங்களிலும் சுற்றினார் என்பதை யாரும் சொல்வதில்லை. டீக்கடையில் அந்தக் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இவர் குழுவில் முதல் ஆறு வாரம் பாய் சுருட்டினார், துணி அயர்ன் பண்ணினார், டிக்கெட் கிழித்தார். அப்புறம் கூட்டத்தில் ஒருவர். மார்ச்சில் ஒரு நடிகைக்குக் காய்ச்சல் வர, ஒரே நாளில் கிழவி வேஷத்தைப் படித்து ஆடினார். நான் போய்ப் பார்த்தேன். சுமார்தான். ஆனால் நடுவில் எதிர் நடிகர் ஒரு வரியை விழுங்கிவிட, இவர் அந்த வரியையே கேள்வியாக மாற்றித் திருப்பிப் போட்டு சீனைத் தூக்கினார். சாலிகிராமத்தில் 'வேற மாதிரி' தெரியாமல் நின்றவர் இவர்தானா என்று இருந்தது.

என் தப்பு (2023 ஏப்ரல் – செப்டம்பர்)

அந்தக் கிழவி வேஷத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒரு டீ குடித்துக்கொண்டே நான்தான் சொன்னேன், வேலையை விட்டுட்டு முழுசா இறங்கு என்று. அவரிடம் சேமிப்பு 90,000 இருந்தது. ஆறு மாதம் தாங்கும் என்று நான்தான் கணக்கும் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு அனுப்பும் 8,000-ஐ அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை, நான் கேட்கவே இல்லை.

ஐந்தாவது மாதம் பணம் தீர்ந்தது. செப்டம்பரில் கழுத்துச் செயினை அடகு வைத்தார். அந்த ஐந்து மாதத்தில் அனுப்பியது 27, நேரில் போனது 5, கிடைத்தது ஒன்று, 2,000 ரூபாய்க்கு ஒரு குறும்படம். இதில் நான் எதிர்பார்க்காதது, ஆடிஷனில் அவர் நடிப்பு மோசமானது. வாடகைக்குப் பணம் வேண்டும் என்ற கவலையோடு உள்ளே போகிறவர், எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடிக்கிறார். பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா, அந்தத் தவிப்பு கேமராவில் அப்படியே விழும். எங்களுக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அக்டோபரில் அவர் வேறொரு கம்பெனியில் வீட்டிலிருந்தே பார்க்கும் கோடிங் வேலைக்குப் போனார். என்னிடம் கேட்கவில்லை, சேர்ந்த பிறகுதான் சொன்னார். நல்ல முடிவு. அடுத்து நடந்ததற்கு அதுதான் வழி திறந்தது.

மொட்டை மாடி (2023 டிசம்பர் – 2024 நவம்பர்)

மெடிக்கல் கோடிங் என்பது அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் எண் போடுவது. 2015 அக்டோபர் முதல் அங்கே ஐசிடி-10 என்ற பட்டியல் நடப்பில் இருக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வாத்து மோதினால் டபிள்யூ 61.62. காயம் பட்டபோது கம்பளி நூலில் பின்னிக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதற்கும் ஓர் எண். ஒரு சனிக்கிழமை டீ இடைவேளையில் இவர் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் சாதாரணமாகச் சொன்னார், "மாடு முட்டினா டபிள்யூ 55.22 க்கா. காளைக்கும் பசுவுக்கும் ஒரே நம்பர்தான். எங்க மாமாவுக்கு இந்த நம்பர்தான் போடணும்."

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் அவர் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். அந்தப் பக்கத்து வீடுகளில் மாடு முட்டிய கதை இல்லாத வீடு அபூர்வம். இவர் மாமா ஒன்பது வருடமாக ஒரு காலை இழுத்து நடக்கிறார்.

அதை எழுது என்றோம். முதலில் எழுதிக்கொண்டு வந்தது மேடைப் பேச்சு மாதிரி இருந்தது, தூக்கிப் போட்டோம். 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் அத்தையிடம் இந்த எண் சமாசாரத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த எண்களுக்குக் கடைசியில் ஓர் எழுத்து வரும். சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் ஏ, அது முடிந்து குணமாகி வரும்போது டி, பின்விளைவுக்கு எஸ். அத்தை கேட்டுவிட்டு, "அப்ப அவருக்கு டி போடு, எனக்கு எஸ்ஸப் போடு" என்றாராம். நாடகம் அந்த வரியில் உட்கார்ந்தது. 35 நிமிடம், ஒரே ஆள், ஒரு மேஜை, ஒரு லேப்டாப். கோடராகவும் மாமாவாகவும் அத்தையாகவும் அவரே மாறுவார், அத்தை வரும்போது மட்டும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுவார். அதுவரை நான் 'திருத்திக்கொள்' என்று சொல்லிக்கொண்டிருந்த அவருடைய புதுக்கோட்டைப் பேச்சு, அதில் முழுசாக வந்தது. அந்த அறிவுரையையும் என் தப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் காட்சி பிப்ரவரியில், விருகம்பாக்கத்தில் ஒரு நண்பரின் வீட்டு மொட்டை மாடி. வீட்டுக்காரர், போலீஸ் அனுமதி வேண்டாமா என்று பயந்தார். நாடகத்துக்கு முன்கூட்டி அனுமதி கேட்கச் சொன்ன 1954-ம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி போட்ட வழக்கில், 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்துவிட்டது என்று விளக்கிச் சொன்னோம். மைக் வைத்தால்தான் தனி அனுமதிப் பிரச்சினை, நாங்கள் மைக் வைக்கவில்லை. செலவு 1,140 ரூபாய்: வாடகைச் சேர், இரண்டு டியூப் லைட், சுண்டல், கொசுவர்த்தி. வந்தது 22 பேர். முடிந்ததும் துண்டு ஏந்தியதில் 1,860.

நடுவில் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அப்போது அவர் அத்தையாக இருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "மூணு விசில் ஆச்சு, இறக்குடி" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு விட்ட இடத்தில் தொடர்ந்தார். மாடியே சிரித்தது, பக்கத்து வீட்டு அம்மாளும் எட்டிப் பார்த்தார், அப்புறம் நின்றே மீதியையும் பார்த்தார்.

நவம்பர் வரை ஒன்பது தடவை ஆடினார். மொட்டை மாடி நான்கு, அடுக்குமாடிக் குடியிருப்பு ஹால் இரண்டு, ஒரு நூலகம், இரண்டு கல்லூரி. ஒரு குடியிருப்பில் ஐந்து பேர்தான் வந்தார்கள், அதில் இருவர் பாதியில் எழுந்து மேட்ச் பார்க்கப் போனார்கள்.

தொடர்ந்து வந்தவை

ஏப்ரலில் மூன்றாவது காட்சிக்கு ஓர் உதவி இயக்குநர் வந்திருந்தார். ரூம் நண்பர் இழுத்துக்கொண்டு வந்ததால் வந்தவர், யாரிடமும் பேசவில்லை, சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஜூலையில் போன். ஒரு வெப் சீரிஸில் ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் உட்காரும் பெண், மூன்று சீன். ஆடிஷனில் "வேற மாதிரி" என்று கேட்டார்கள். நான்கு மாதிரி செய்து காட்டிவிட்டு, "இன்னும் வேணுமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

சம்பளம் நாளுக்கு 3,500, நான்கு நாள். எழுதித் தரச் சொன்னபோது மேனேஜர், அதெல்லாம் பெரிய ஆர்ட்டிஸ்ட்டுக்குத்தான் என்றார். இவர் சண்டை போடவில்லை. 'நான்கு நாள், நாளுக்கு 3,500, பேட்டா தனி, படப்பிடிப்பு முடிந்து 30 நாளில் தருவதாகச் சொன்னீர்கள், சரிதானே சார்?' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர் 'ஓகே' என்று பதில் போட்டார். ஆகஸ்டில் படப்பிடிப்பு முடிந்து, செப்டம்பர் போய், அக்டோபர் கடைசியில் பணம் வந்தபோது, அதை வரவைத்தது அந்த ஒரு 'ஓகே'தான். சீரிஸ் வெளியானபோது மூன்று சீனில் ஒன்று வெட்டுப்பட்டிருந்தது. மீதி இரண்டும் சேர்த்து ஒன்றரை நிமிடம். அம்மா அதை ஊரில் போனில் பார்த்துவிட்டு, ஏன் அழுக்குத் துணி குடுத்தாங்க என்று மட்டும் கேட்டாராம்.

அந்தப் படப்பிடிப்பு நடந்த அதே ஆகஸ்டில், 19-ம் தேதி, கேரளத்தில், மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை வெளியானது. அரசு கையில் 2019 டிசம்பரில் கொடுத்தது, வெளியே வர கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆனது. எங்கள் சனிக்கிழமை வகுப்பு அந்த வாரம் பயிற்சி எதுவும் செய்யவில்லை, பெண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஹோட்டல் மெசேஜை அழிக்காமல் வைத்திருந்த இவர் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அதே வாக்கியம், வேறு நம்பரிலிருந்து, இன்னும் இருவர் போனில் இருந்தது. மூன்று நம்பரையும் எங்கள் வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று கல்லூரிக் காட்சி வழியாக வந்தது. ஐந்தாவது காட்சியைப் பார்த்த ஒரு மருத்துவப் பேராசிரியர், நோயாளியாக நடிக்க வருகிறீர்களா என்று கேட்டார். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஏட்காம் என்று ஒரு பகுதி இருக்கிறது, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று பயிற்சி தருவதற்கு. மாணவர்கள் பழக ஒரு பொய் நோயாளி வேண்டும். இவர் ஒரே மதியத்தில் எட்டு மாணவர்களிடம், எட்டு தடவையும் முதல் தடவை கேட்பது மாதிரியே அந்தச் செய்தியைக் கேட்க வேண்டும். ஒரு மதியத்துக்கு 1,500, நவம்பர் வரை ஆறு மதியம் போனார். எங்கள் ஹாலில் நான் இரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்க முயன்றதை அந்த எட்டு மாணவர்கள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபரில் ஒரு வங்கிக் கடன் விளம்பரம், 15,000. வெப் சீரிஸில் வேலை பார்த்த இன்னொரு உதவி இயக்குநர் கூப்பிட்டார்.

நோட்டின்படி 2022 ஜூலைக்குப் பிறகு அனுப்பியது மொத்தம் 82. பணம் வந்த இடங்கள் நான்கு, அதில் மூன்று அவர் நேரில் ஆடியதையோ வேலை பார்த்ததையோ கண்டவர்கள் வழியாக வந்தவை, ஒன்று மட்டும் அனுப்பிய வீடியோவால். நடிப்பில் வந்தது 40,000, மாடி நாடகத்தில் செலவு போக மிஞ்சியது 7,000 சொச்சம். போர்ட்ஃபோலியோ தொடங்கி பஸ், ஆட்டோ, துணி, எங்கள் பயிற்சிக் கட்டணம் வரை போனது 58,000. வேலையை விட்டிருந்த மாதங்களின் சம்பளம் இதில் சேரவில்லை.

இன்னொரு தடவை என்றால்

வேலையை விடச் சொல்ல மாட்டேன். இப்போது யாராவது கேட்டால், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாய் என்பதுதான் என் முதல் கேள்வி.

மாடி நாடகத்தை ஒன்றரை வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம். தயாராகட்டும், தயாராகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது நாங்கள்தான். அத்தையின் வரி 2024 பொங்கலுக்குத்தான் கிடைத்தது, சரி, ஆனால் மாமாவின் கால் ஒன்பது வருடமாக அங்கேயேதான் இருந்தது, அதைப் பற்றி அவரிடம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. காட்சிக்கு வந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் முதல் நான்கு காட்சிகளில் நாங்கள் வாங்கவில்லை, அது பெரிய நஷ்டம். ஐந்தாவதிலிருந்து வாசலில் ஒரு நோட்டு வைத்தோம், அந்தப் பேராசிரியர் எழுதிவிட்டுப் போனது அதில்தான்.

ஆடிஷன் வீடியோ அனுப்புவதை நிறுத்தியிருக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த ஒரு 2,000 ரூபாய்க் குறும்படத்தில் கிடைத்த துண்டுக் காட்சியைத்தான் விளம்பரக்காரர்களுக்கு அனுப்பினாராம். வாரத்துக்கு ஒன்று, அதுவும் தன் வயதுக்கும் முகத்துக்கும் பொருந்துகிற அறிவிப்பு என்றால் மட்டும், என்று இப்போது அளவு வைத்திருக்கிறார்.

இதை எழுதி முடித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடம் திருத்தினார். மாமா இழுத்து நடப்பது வலது காலை, அதைப் போடவில்லையே என்றார். அப்புறம் போர்ட்ஃபோலியோ 22,000 இல்லையாம், 22,500. "லேமினேஷனுக்குத் தனியா ஐநூறு வாங்கினாங்கக்கா."